கணக்கில் சேராதவர்

தெரியாத கேள்வி என்றால் நான் தாண்டிப் போய்விடுவேன், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. தெரிந்த கேள்வியில் போய் இப்படி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, இதை எங்கே போய்ச் சொல்ல. தமிழ்ப் பகுதி மளமளவென்று முடிந்தது, வரலாறு பரவாயில்லை, அறிவியலில் இரண்டு மூன்று குத்துமதிப்பு, பொருளாதாரம் வந்ததும் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, இனிமேல் நம்ம ஏரியா என்று. வந்த சந்தோஷம் இந்தக் கேள்வியோடு நின்றுவிட்டது. வேலை செய்யும் வயதும் திறனும் இருந்தும், வேலை தேடுவதையே கைவிட்டுவிட்ட ஒருவர் எந்த வகையைச் சேர்ந்தவர்? பருவகால வேலையற்றவர். மறைமுக வேலையற்றவர். உழைப்போர் கணக்கில் சேராதவர். பிறழ்ச்சி வேலையற்றவர். ஐந்தாவதாக, எல்லாக் கேள்விக்கும் கீழே இருப்பதுபோல, விடை தெரியவில்லை. எனக்கு விடை தெரியும். மூன்றாவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேனா முனை மூன்றாவது வட்டத்துக்கு மேலே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு இது, முட்டி மேஜையில் இடிக்கிறது. மின்விசிறி சுற்றுகிறதே தவிர, காற்று எனக்கு முன்னால் இருப்பவளோடு நின்றுவிடுகிறது. வெளியே எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுகிறது, முன்பெஞ்சுக்காரியின் தோள் உடனே விறைக்கிறது, அவளுடையதாக இருக்கும். காலையில் பார்த்தேன், பெண்டாட்டிகளை உள்ளே அனுப்பிவிட்டுக் குழந்தையும் பால் புட்டியுமாக கேட்டோரம் ஒதுங்கி நிற்கிற புருஷன்மார்களை. என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருப்பார். எங்களுடையது கைக்குழந்தை இல்லை, ஓவியா ஏழாவது படிக்கிறாள், என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அதனால் அவர் கை சும்மா இருக்கும். சும்மா எங்கே இருக்கும், புத்தகம் இருக்கும்.

தணிகைவேல். மனசுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட யாரைக் கேட்க வேண்டும், கூப்பிடுவேன். ஆம்பூரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனி, அவர் தோல் வெட்டுகிற பிரிவு, நான் மேல்பாகம் தைக்கிற பிரிவு, அங்கேதான் பழக்கம், அங்கேயிருந்துதான் கல்யாணம். மற்ற ஆண்கள் சாப்பாட்டு வேளையில் சீட்டு ஆடுவார்கள், செல்போனில் படம் பார்ப்பார்கள், இவர் மட்டும் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் புத்தகத்தைத் திறந்துவிடுவார். கதைப் புத்தகமும் இல்லை, சாமி புத்தகமும் இல்லை. அரசியல், பொருளாதாரம். தலையணை தலையணையாக. எந்த நாட்டில் எந்தச் சட்டம் வந்தது, ரூபாய் ஏன் இறங்குகிறது, ஒரு ஊர் ஏன் பணக்கார ஊராகிறது, பக்கத்து ஊர் ஏன் அப்படியே கிடக்கிறது, இதெல்லாம் தோல் வெட்டுகிறவருக்கு எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். தைக்கிற பிரிவில் எங்கள் வரிசைப் பெண்கள் புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குடியும் அடியுமாகத்தான் வரும், என் முறை வரும்போது, எங்க வீட்டுக்காரர் புத்தகம் படிப்பார் என்பேன். ஐயோ பாவமே என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்ததுதான் சரியோ என்னவோ. குடிக்கிறவனை நிறுத்தச் சொல்லலாம், ஊரே சேர்ந்து சொல்லும், கோயிலில் கயிறு கட்டுவார்கள். படிக்கிறவரை நிறுத்தச் சொன்னால் சொல்கிறவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அவர் சொன்னது நடந்தது, அதுதான் கொடுமை. கம்பெனி மூடுவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆர்டர் குறைகிறது, வாங்குகிற வெளிநாட்டுக்காரன் வியட்நாம் பக்கம் போகிறான், நம்ம முதலாளி இருக்கிற மிஷினுக்கு எண்ணெய்கூடப் போடவில்லை, அப்படியானால் என்ன அர்த்தம் என்று சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு மேஜையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கேண்டீனில் சிரித்தார்கள். "நிதியமைச்சர் வந்துட்டாருப்பா, எழுந்திரிங்க" என்று எழுந்து நின்று கும்பிட்டார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை கேட்டைத் திறக்கவில்லை. டிபன் பாக்ஸும் கையுமாக ரோட்டில் நிற்கிறோம், கும்பிட்டவர்களே வந்து, "எப்படி தணிகா முன்னாடியே சொன்னே?" என்று கேட்டார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் வந்ததே, வேலை போன அன்றைக்கு, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. மழை வரும் என்று சரியாகச் சொல்லிவிட்டுக் குடை எடுக்காமல் வந்து நனைந்தவருக்கு என்ன வெளிச்சம் வேண்டிக் கிடக்கிறது. சிரித்தவர்கள் எல்லாம் அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள். ஒருத்தர் பெங்களூருக்கு, ஒருத்தர் ராணிப்பேட்டைக்கு, ஒருத்தர் மாமனாரோடு பிரியாணிக் கடைக்கு. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் போனார்கள். இவருக்குத் தெரியும். ராணிப்பேட்டையிலும் ரொம்ப நாள் ஓடாது என்று தெரியும், தோல் வெட்ட மிஷின் வந்துவிட்டது என்று தெரியும், நாற்பதைத் தாண்டினவரை வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான் என்று தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு மனுஷனுக்குக் கால் எப்படிக் கிளம்பும்? ஆனாலும் கிளம்பினார், அதையும் சொல்லத்தான் வேண்டும், முதல் வருஷம் நாய் படாத பாடு பட்டார். வேலை கேட்கப் போட்டுக்கொண்டு போகிற அந்த நீலச் சட்டையைத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்தது. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க, மாசக் கடைசியில பாக்கலாம்னாங்க, மேனேஜர் ஊர்ல இல்லையாம். ஒரு நாளைக்கு ஒரு பதில் கொண்டுவருவார். இப்போது என்ன பதில் கொண்டுவருகிறார்? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை. நான் கேட்கிறேனா?

கேட்கிறதில்லை. கேட்டால் முகம் சுருங்குகிறது என்று விட்டேன். வீட்டிலேயே மேல்பாகம் தைக்க ஆரம்பித்தேன், ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான், தைத்துத் தைத்து விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது, காலையில் ஹால் டிக்கெட்டின் ஓரம்கூடத் தட்டுப்படவில்லை. அரசு வேலைக்குத் தேர்வு எழுது என்றவர் அவர்தான். அவருக்கு வயசு தாண்டிவிட்டது. எனக்கும் இதுதான் கடைசி, அடுத்த அறிவிப்பு வரும்போது நானும் தாண்டியிருப்பேன். தாலுகா ஆபீஸோ, கிராம நிர்வாகமோ, எங்கேயாவது ஒரு மேஜை, கேட்டைப் பூட்டிவிட்டு ஓடாத ஒரு முதலாளி. இதுவும் போனால் ஓவியாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை, மூட்டையைத்தான் காட்ட வேண்டும், வா நீயும் உட்கார் என்று. அதனால் படித்தேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாப் பாடப் புத்தகமும் அவர் வாங்கிவந்தார், பொருளாதாரத்தை மட்டும் தானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். ஊசி கோத்துக்கொண்டே கேட்பேன். பணவீக்கம், பற்றாக்குறை, தேசிய வருமானம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகச் சொல்வார், புத்தகத்தில் இருப்பதை நம்ம தெருவுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். எனக்கே பிடித்துப்போனது. முன்பெல்லாம் வெங்காய விலை ஏறினால் கடைக்காரனைத் திட்டுவேன். இப்போது யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அவர்கள் என் குரல் கேட்கிற தூரத்தில் இல்லை. இது லாபமா நஷ்டமா? கடைக்காரனைத் திட்டினாலாவது ஒரு கைப்பிடி கொத்துமல்லி சேர்த்துப் போடுவான்.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். அண்ணன் முனிரத்தினம் வந்திருந்தான் அன்றைக்கு, ஏடிஎம் வாசலில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்தான், இவர் அவனுக்கு வங்கிகள் ஏன் ஆளைக் குறைக்கின்றன என்று விளக்க ஆரம்பித்தார், காபி ஆறிப்போகும் வரை. அவன் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்காரும்மா, வயிறுதான் நெறையல" என்றான். உள்ளே வந்து வெடித்தேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இத்தனையும் படிச்சு என்னத்தைக் கிழிச்சீங்க?" சொன்னது சொன்னதுதான், அதற்காக நான் வருத்தப்படவில்லை, எந்தப் பெண்டாட்டியும் சொல்லியிருப்பாள். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "கிழிக்கிறதுக்குப் படிக்கல பிரமிளா. புரிஞ்சுக்கறதுக்குப் படிச்சேன்" என்றார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." "புரிஞ்சு?" அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த 'புரிஞ்சு' அப்படியே எங்கள் வீட்டுக்குள் நிற்கிறது, எங்கே திரும்பினாலும் இடிக்கிற ஒரு சாமான்போல. நோய் இன்னது என்று தெரிந்துகொள்வதும் வைத்தியம் ஆகுமா? தெரியாமல் செத்தவனுக்கும் தெரிந்து செத்தவனுக்கும் சாவு ஒன்றுதானே. ஆனால் தெரியாமல் இருந்தவர்களில் யாரும் சாகவில்லையே, பிரியாணிக் கடைக்குப் போனவர் வீடு கட்டிவிட்டாரே. சரி, எல்லோரும் அப்படிப் போய்விட்டால், கேட்டை ஏன் பூட்டினான் என்று ஊரில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா. அந்த ஒருத்தர் என் புருஷனாகவா இருக்க வேண்டும்?

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" மேற்பார்வைக்கு நிற்கிற டீச்சர். எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. இல்லை மேடம் என்கிறேன். "அப்ப எழுதும்மா. விடை என்ன ஜன்னல்லயா இருக்கு?" ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மைதானம், மைதானத்துக்கு அந்தப் பக்கம் இரும்பு கேட், கேட்டின் கீழ் இடைவெளியில் வெளியே நிற்கிறவர்களின் கால்கள் தெரிகின்றன. செருப்புக் கால், ஷூ கால், நடந்து நடந்து குழந்தையை ஆட்டுகிற கால். அவர் செருப்பு பழுப்பு நிறம். அதில் ஒரு விஷயம் இருக்கிறது, இரு, செருப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. வேலை தேடிப் போன முதல் வருஷம் செருப்பு அடிக்கடி தேய்ந்து போகும், கம்பெனி கம்பெனியாக நடக்கிறவருக்குத் தேயாதா. ஷூ தைக்கிற ஊரில் இருந்துகொண்டு செருப்புக்கு அழுகிறோமே என்று சிரித்திருக்கிறோம். இந்தச் செருப்பு வாங்கி ரொம்ப நாள் ஆகிறது. அப்படியே புதுசாக இருக்கிறது. நல்ல செருப்பு, உழைக்கிறது என்று நான் நினைத்தேன். டிபன் பாக்ஸும் அப்படித்தான். முன்பு பாதிச் சோறு மிச்சமாக வரும், அலைகிற மனுஷனுக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிட நேரம். இப்போது காலியாக வருகிறது, கழுவியே வருகிறது. மனுஷன் தேறிவிட்டார், வேளைக்குச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன், இரண்டு கரண்டி கூடவே வைத்தேன். நீலச் சட்டை கொக்கியில் தொங்குகிறது, தேய்த்த மடிப்புக் கலையாமல். அதை எப்போது கடைசியாகத் துவைத்தேன்? லைப்ரரியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்தேன் என்பார், தினமும்தான் சொல்வார், எத்தனை கம்பெனி ஏறி இறங்கிவிட்டு அந்தக் கொஞ்ச நேரம் என்று நானே மனசுக்குள் சேர்த்துக்கொள்வேன். அவர் சொல்லவில்லை. கம்பெனி என்று அவர் சொல்லவே இல்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு முளைக்கீரை. மழை பெய்து விட்டிருந்தது, வாசல்படியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். வேலையின்மை பாடம் முடிச்சுடலாம் என்று வந்து எதிரே உட்கார்ந்தார். கீரைத் தண்டை எடுத்து இரண்டு குவியல் போட்டார், என் பக்கம் கிடந்ததை மூன்றாவதாக இழுத்து வைத்தார். "இவங்கல்லாம் வேலை பாக்கறவங்க. இவங்க வேலை இல்லாம தேடறவங்க. இந்த ரெண்டும் சேர்ந்தாதான் உழைப்போர் கணக்கு. சதவீதம் போடறது, பேப்பர்ல வர்றது எல்லாம் இந்த ரெண்டை வெச்சுத்தான்." "அது யாரு?" என்று மூன்றாவது குவியலைக் காட்டினேன். அது என்னுடைய குவியல், நான் கழித்துப் போட்ட பழுத்த இலையும் வேரும். "இவங்க கணக்குல வராதவங்க. சின்னப் பசங்க, முடியாதவங்க, வேலை வேணாம்னு வீட்டுல இருக்கறவங்க." இரண்டாவது குவியலைப் பார்த்தார். "அப்புறம் தேடித் தேடிப் பாத்துட்டு விட்டுட்டவங்க." இரண்டாவது குவியலிலிருந்து ஒரு தண்டை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டிருந்தார், பிறகு மெதுவாகக் கொண்டுபோய்க் கழிசலின் மேல் வைத்தார். போடவில்லை, வைத்தார். "தேடறதை நிறுத்திட்டான்னு வெச்சுக்கோ, அதுக்கப்புறம் அவன் வேலையில்லாதவன்கூடக் கிடையாது. இப்படி நெறைய பேர் விட்டுட்டாங்கன்னா, நாட்டுல வேலையில்லாதவங்க கொறைஞ்சுட்டாங்கன்னு கணக்கு வரும்." நான் என்ன சொன்னேன்? என்ன சொன்னேன் அப்போது? "நல்ல தண்டுங்க அது, அதைப் போய் ஏன் குப்பையில போடறீங்க" என்று திட்டிவிட்டு எடுத்து அலசிச் சட்டியில் போட்டேன். அவர் சிரித்தார். "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று பார்த்திருக்கிறார். கேட்டேனே, "இது கேள்வியா வருமா?" என்று கேட்டேன். "வரலாம்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை. எத்தனையோ புத்தகம் படித்த மனுஷன், தன் பெண்டாட்டியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத் தனக்கென்று ஒரு வார்த்தை கிடைக்காமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

பேனாவை மேஜையில் வைத்துவிடுகிறேன், விடைத்தாளில் மை பட்டால் போச்சு. விட்டுவிட்டார். எப்போதிலிருந்தோ விட்டுவிட்டார். அதனால்தான் முகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது, அதனால்தான் அண்ணன் என்ன சொன்னாலும் கோபம் வருவதில்லை. தேறிவிட்டார் என்று நினைத்தேனே, தேறினவர் முகமும் கைவிட்டவர் முகமும் ஒரே மாதிரியா இருக்கும்? காலையில் கேட்டில் ஹால் டிக்கெட்டை உறையில் போட்டுக் கொடுத்தார், "பயப்படாதே, உனக்கு எல்லாம் தெரியும். இனிமே நீ பாத்துப்பே" என்றார். தேர்வைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இனிமே நீ பாத்துப்பே என்றால் என்ன? எதை நான் பார்த்துக்கொள்வேன்? ஓவியாவையா, வீட்டையா, எதை? ஏன் ஓவியாவை அண்ணன் வீட்டில் விடலாம் என்றார், எப்போதும் பக்கத்து வீட்டில்தானே விடுவோம்? அடச்சீ, இது என்ன நினைப்பு. நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியுமா, பெரிய தெரிந்தவள், செருப்பு தேயாதது தெரியாதவள். கேட்டுக்கு அடியில் கால்களைப் பார்க்கிறேன். பழுப்பு ஒன்று தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் பை, அவரிடம் சிவப்புப் பை இல்லை. குழந்தை ஆட்டுகிற கால் மறைக்கிறது. தள்ளி நில்லு ராசா, கொஞ்சம் தள்ளி நில்லு. மணி அடிக்கும் வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கத்திக் கூப்பிடலாம், தணிகைவேல் என்று. பைத்தியம் என்று வெளியே தள்ளுவார்கள், தள்ளினால் நல்லதுதானே, போய்ப் பார்க்கலாமே, ஆனால் கடைசி முறை, ஓவியா, மூட்டை.

"இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு, எழுதாம யாரும் வட்டத்தைக் காலியா விடாதீங்க" என்று டீச்சர் சொல்கிறார். காலியாக விட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். விடை தெரியவில்லை என்பதற்கே ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள். தெரியும், ஆனால் சொல்ல மனசு வரவில்லை என்பதற்கு வட்டம் இல்லை. ஐந்தாவதைக் கறுப்பாக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைக்கிறேன். ஒரு கேள்விதானே. ஒரு கேள்வியில் ஆயிரம் பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று அவர்தான் சொல்வார். இந்த விடையை எனக்குக் கொடுத்தவர் அவர், வேறு எதுவும் கொடுக்க முடியாமல் போனவர் இதைக் கொடுத்திருக்கிறார், இதையும் நான் குப்பையில் போட்டால் அவர் படித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். போடாவிட்டால் மட்டும் என்ன அர்த்தம்? ஒன்றரை மதிப்பெண் அர்த்தம். அதற்காகவா ஒரு மனுஷன் பாதி ஆயுசைப் படித்துத் தீர்த்தான்? பேனாவை எடுக்கிறேன். மூன்றாவது வட்டத்தை ஓரத்திலிருந்து கறுப்பாக்கிக்கொண்டே வருகிறேன், நடுவில் ஒரு புள்ளி வெள்ளையாக நிற்கிறது, அதையும் மூடுகிறேன். என் கையாலேயே அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த கேள்வி மழை பெய்யும் மாதங்களைப் பற்றி. அதற்கடுத்தது ஒரு கண்டுபிடிப்பு. எப்படி எழுதினேன் என்று தெரியாது, எழுதினேன், எல்லாவற்றையும் எழுதி முடித்தேன், இடது கைப் பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன்.

மணி அடித்ததும் ஓடினேன். மைதானத்தில் ஓடுகிற ஒரே ஆள் நான்தான், முட்டி வலிக்கிறது, புடவை தடுக்குகிறது. கேட்டுக்கு வெளியே புருஷன்மார்கள் குழந்தைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்த பழுப்புச் செருப்பு வேறு யாருடையதோ. வலது பக்கம் பார்த்தேன், இல்லை. இடது பக்கம், கரும்புச் சாறு வண்டிக்கு அந்தப் பக்கம், சுவரோர நிழலில் உட்கார்ந்திருந்தார். உயிர் வந்தது எனக்கு. திட்ட வேண்டும்போல இருந்தது, மூச்சு வாங்கியதால் திட்ட முடியவில்லை. "ஏன் இப்படி ஓடி வர்ற?" என்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடிப்பதற்குள் கேள்வித்தாளைக் கையிலிருந்து வாங்கிவிட்டார், எப்போதும் அப்படித்தான், மாதிரித் தேர்வு எழுதினாலும் முதலில் அதைத்தான் வாங்குவார். வேண்டாம் என்று பிடுங்கியிருக்கலாம். கை நீளவில்லை. பக்கம் திருப்பினார், தலையாட்டினார், ஒரு இடத்தில் சிரித்தார், திருப்பினார். விரல் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்து நின்றது. கரும்பு மிஷினின் சலங்கை ஒலித்துக்கொண்டே இருந்தது.

"இதுக்கு எதைப் போட்டே?" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. "மூணாவது" என்றேன்.

"கரெக்ட்" என்றார். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. சத்தமாக இன்னொரு முறை சொன்னார். "கரெக்ட்தான்."

"எப்பலேர்ந்துங்க?"

அவர் தாளை மடித்தார். மடித்ததைத் திரும்பவும் மடித்தார். "பாப்பாவுக்கு ஸ்கூல் தொறந்தாங்களே, அப்பலேர்ந்து" என்றார். "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொன்னீங்க" என்றேன்.

அதற்கு மேல் முடியவில்லை. நடுரோட்டில், அத்தனை பேருக்கு முன்னால், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார், தொடவில்லை, நின்றார். யாரோ ஒரு பெண், அவளும் உள்ளே எழுதிவிட்டு வந்தவள்தான், பெருவிரலில் மை இருந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கக்கா, எனக்கும் பொருளாதாரம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். 

"இல்லம்மா," என்றார் அவர். "இவங்க நல்லாத்தான் எழுதியிருக்காங்க."